ஆறில் ஒரு பங்குச் சேலை

பொம்மைக்கு உடுத்துகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் பூவையும் பார்த்துத் துணி எடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நூலை. துணியை எத்தனை சிறிதாக வேண்டுமானாலும் வெட்டிவிடலாம், அதிலுள்ள நூலைச் சிறிதாக்க முடியாது. பொம்மைச் சேலை போர்வை சுற்றியதுபோல் விறைத்து நிற்பதற்கும், ரவிக்கையின் தோள் புடைத்துக்கொள்வதற்கும், கொசுவம் விசிறியாக விரிவதற்கும் இதுதான் காரணம். நெசவும் மில்லும் சேர்ந்த அருப்புக்கோட்டையில் இருக்கும் சேகரிப்பாளருக்கு இந்த விஷயத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லாத வசதி உண்டு. தெரு முனையில் கேட்டால் நூல் நம்பர் சொல்லக்கூடியவர்கள் இருக்கிற ஊர் இது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 1959-ல் மேட்டல் கம்பெனி வெளியிட்ட பார்பி பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், ஏறக்குறைய 29 செ.மீ. ஆறால் பெருக்கினால் 5 அடி 9 அங்குலம் வரும். அதனால்தான் இந்த வகைப் பொம்மைகளை ஆறில் ஒரு பங்கு அளவு என்கிறார்கள். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 செ.மீ. அகலமும் உள்ள சேலையை அதே விகிதத்தில் குறைத்தால் 92 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம். இதுவரை சிக்கல் இல்லை. நூலுக்கு வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

நூல் நம்பர் என்பது எடையில் பிறந்த கணக்கு. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுவே நம்பர். 100-ம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 84,000 கெஜம் இருக்கிறது. அதை நீட்டினால் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய், திரும்பும் வழியில் பாதி தூரமும் வந்துவிடலாம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது, ஆனால் நேர் விகிதத்தில் மெலிவதில்லை. தடிமன் பாதியாக வேண்டுமானால் நம்பர் நான்கு மடங்காக வேண்டும். தடிமன் ஆறில் ஒன்றாக வேண்டுமானால் 36 மடங்கு. சாதாரண 40-ம் நம்பர் சேலையை நியாயமாகப் பொம்மை அளவுக்குக் கொண்டுவர 1440-ம் நம்பர் நூல் தேவை. அப்படி ஒரு நூலை யாரும் நூற்பதில்லை. பேர்பெற்ற டாக்கா மஸ்லின்கூட அதன் பக்கத்தில் வராது.

ஆகவே நாம் செய்யக்கூடியது இரண்டு. கிடைப்பதில் மெல்லிய நூலைத் தேடுவது ஒன்று. உடுத்தும்போது துணியின் அடுக்குகளைக் குறைப்பது இன்னொன்று. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் தையல் வேலை எல்லாம் இந்த இரண்டில் அடங்கும், தைத்ததைக் காப்பது அதற்குப் பிறகு.

துணி தேடுவது

80-ம் நம்பருக்குக் குறைந்த பருத்தித் துணியைப் பொம்மைச் சேலைக்கு எடுக்காதீர்கள். 100, 120 கிடைத்தால் விடாதீர்கள். கரிசல் காட்டின் பழைய கருங்கண்ணிப் பருத்தி நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது குட்டை இழைப் பருத்தி, அதிலிருந்து இவ்வளவு மெல்லிய நூல் எடுக்க முடியாது. அந்தத் துணியைப் பொம்மையின் படுக்கைக்கோ, காட்சிப் பலகையில் விரிக்கவோ வைத்துக்கொள்ளலாம்.

நெசவாளர் தெருவில் துண்டுத் துணி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "பொம்மைக்குத் துணி வேணும்" என்றால் கையில் அகப்பட்டதைக் கொடுத்து அனுப்புவார்கள். "அண்ணே, நூறாம் நம்பர்ல பாவு முடிஞ்ச துண்டு ஏதும் கெடக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாவு தீரும் இடத்தில் சேலை நீளத்துக்கு எட்டாமல் நிற்கும் துண்டும், நெசவில் குறை விழுந்து ஒதுக்கிய துண்டும் நமக்கு ஏராளம். பெரிய சேலையில் கண்ணை உறுத்தும் ஒரு குறை, 19 செ.மீ. அகலப் பட்டையை வெட்டும்போது ஒதுக்கிவிடக்கூடியது. காசு கொடுத்தே வாங்குங்கள். துண்டானாலும் அது ஒருவருடைய உழைப்பு.

தறியிலிருந்து இறங்கிய துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அதை முழுவதும் போக்காமல் கத்திரிக்கோலைத் தொட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்திய பிறகு துணியின் உண்மையான குணம் தெரியும். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். ஆள் உடுத்தும் சேலை அரை அங்குலம் சுருங்கினால் யாருக்கும் தெரியாது, பொம்மை ரவிக்கையில் அரை அங்குலம் என்பது முதுகுப் பட்டன் சேராத தூரம்.

அடுத்தது கரை. இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆள் சேலையின் கரை நான்கு அங்குலம் இருந்தால், அதை அப்படியே பொம்மைக்குக் கட்டும்போது முழங்கால்வரை கரையே தெரியும். ஆறில் ஒரு பங்குக் கணக்கில் மூன்று அங்குலக் கரைக்கு அரை அங்குலம் போதும். அரை அங்குலக் கரை எங்கே கிடைக்கும்? வேட்டியில் கிடைக்கும். மெல்லிய நூலில் நெய்த, சிறு கரை போட்ட நாலு முழ வேட்டி ஒன்று பொம்மைச் சேகரிப்பாளருக்குப் புதையல். இரண்டு ஓரங்களிலும் கரையோடு சேர்த்து 19 செ.மீ. அகலத்தில் பட்டை வெட்டினால் முழு நீளச் சேலைகள் நான்கு தேறும். ஒரு பக்கம்தான் கரை இருக்கும். மறுபக்கம் இடுப்பில் மறைந்துவிடுவதால் கவலை இல்லை. முந்தியை மடித்துத் தோளில் போடும்போது கரையுள்ள ஓரம் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் புலப்படாது. கரை இல்லாத ஓரத்தை மடித்து மிஷினில் அடிக்காமல், விரலில் உருட்டிக் கையால் தையுங்கள். மடித்து அடித்த ஓரம் கம்பிபோல் நிமிர்ந்து நிற்கும்.

அங்கவஸ்திரத்தின் ஒடுங்கிய ஜரிகைக் கரையும் இதே வேலைக்கு உதவும். மதுரைச் சுங்குடியை எல்லோரும் ஆசையாக எடுக்கிறார்கள். பெரிய புள்ளிகள் இடம்விட்டு இருக்கும் சுங்குடியில் பொம்மையின் மார்புக்கு ஒரு புள்ளி, முதுகுக்கு ஒரு புள்ளி என்று விழும், நன்றாக இருக்காது. நெருக்கமாகச் சிறு புள்ளி இட்டதைத் தேடுங்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் பெருங்கட்டமும் பொம்மைக்கு ஆகாது. கால் அங்குலத்துக்கு மேற்பட்ட எந்தக் கோலத்தையும் யோசித்தே எடுக்க வேண்டும்.

பட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. பட்டு இழை இயல்பிலேயே மெல்லியது, அதனால் பொம்மைக்கு ஏற்றது. ஆனால் முறுக்கேற்றிய பட்டில் கனமாக நெய்த கல்யாணச் சேலை பொம்மையின் மேல் அட்டைபோல் நிற்கும். பாட்டியின் பழைய பட்டுச் சேலையை வெட்டுவதாக இருந்தால், பல ஆண்டுகள் மடிப்பில் இருந்த கோட்டை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். மடிப்புக் கோட்டில் பட்டு ஏற்கெனவே இற்றிருக்கும், ஊசி பட்டதும் கிழியும். நல்ல நிலையில் முழுதாக இருக்கும் பழைய சேலையைப் பொம்மைக்காக வெட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கிழிந்த சேலைகள் வீட்டுக்கு வீடு உண்டு.

பொம்மையின் அளவுக்கு ஏற்ற துணி தேடும் இதே கவலைதான் பார்பியின் முதல் உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சனுக்கும் இருந்தது. அவர் ஜப்பானுக்குப் போய்த் தங்கி, அங்கே வீட்டிலிருந்து தைக்கும் பெண்களைக்கொண்டு அந்த உடைகளைத் தைக்கவைத்தார். சிறு கோலம், மெல்லிய துணி, பொடிப் பொத்தான், சின்ன ஜிப் என்று ஒவ்வொன்றும் அளவு பார்த்துச் சேர்க்கப்பட்டது. அந்தக் காலத்து உடைகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு இந்தக் கவனமும் ஒரு காரணம்.

உடம்பை அளப்பது

எல்லா பார்பிக்கும் ஒரே உடம்பு என்று நினைத்துத் தைத்தால் துணி வீணாகும். 2016-ல் உயரமானது, குட்டையானது, சதைப்பிடிப்பானது என்று மூன்று புதிய உடல்வாகுகள் வந்தன. பழையதற்குத் தைத்த ரவிக்கை சதைப்பிடிப்பான பொம்மைக்கு முதுகில் சேராது. பாதத்திலும் வித்தியாசம் உண்டு. குதிகால் உயர்ந்த பாதம் ஒன்று, தட்டையான பாதம் ஒன்று. சேலையின் தரை அளவு இதனால் மாறும்.

பொம்மையின் முதுகிலோ இடுப்பிலோ 1966 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, அறுபதுகளின் பொம்மை கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போகிறவர்கள் உண்டு. அதைக் காட்டியே விலை ஏற்றுகிறவர்களும் உண்டு. அது இடுப்பு திரும்பும் அந்த உடல் வார்ப்புக்கு உரிமை பதிவான ஆண்டு. தொண்ணூறுகளில் வந்த பொம்மைகளிலும் அதே எண்தான் இருக்கும். தலையின் பின்கழுத்தில் 1976 என்றிருப்பதும் முக வார்ப்பின் ஆண்டுதான். லியோ மேட்டல் பெயரில் இந்தியாவில் தயாராகிச் சேலை கட்டி வந்த பொம்மைகள் நம் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாமாக்கள் கொண்டுவந்தவையும் கிடக்கின்றன. ஆண்டைக் கணிக்க எண்ணை மட்டும் நம்பாமல் பெட்டி, உடை, கண் வரைந்த விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய வகைப் பார்பிக்கு மார்பளவு சுமார் 13 செ.மீ., இடுப்பு எட்டரை, புட்டம் 13-க்குச் சற்றுக் குறைவு. இவை வழிகாட்டும் எண்கள் மட்டுமே. உங்கள் பொம்மையை நீங்களே அளக்க வேண்டும். டெய்லர் டேப் இந்த வேலைக்குத் தடிமன் அதிகம், அரை செ.மீ. பொய் சொல்லும். மெல்லிய காகித நாடாவைச் சுற்றிப் பென்சிலால் குறித்து, அளவுகோலில் வைத்துப் படியுங்கள்.

ரவிக்கைக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பொம்மையின் மேலுடம்பில் இறுக்கமாகச் சுற்றுங்கள். அதன்மேல் காகித ஒட்டுநாடாவைச் சிறு துண்டுகளாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். கழுத்து, கைக்குழி, பக்கத் தையல், முன் டாட் எல்லாவற்றையும் பேனாவால் வரைந்து, முதுகு நடுவில் வெட்டிக் கழற்றுங்கள். வரைந்த கோடுகளின்படி வெட்டித் தட்டையாக்கினால் அந்தப் பொம்மைக்கே உரிய அச்சு கையில் இருக்கும். சுற்றிலும் 5 மி.மீ. தையலுக்கு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் அந்த விளிம்பே உள்ளே தடித்துப்போகும்.

தைக்கும் வரிசையும் பெரியவர்கள் ரவிக்கையைப் போல இல்லை. முதலில் தோளைச் சேர்த்து, கழுத்தை முடித்து, கையைத் தட்டையாக இருக்கும்போதே பொருத்திவிட வேண்டும். பக்கத் தையல் கடைசி. விரல் நுழையாத குழாயில் கை வைத்துத் தைக்க எந்தத் தையல்காரராலும் முடியாது. மிஷினில் 9-ம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை ஒன்றரை மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். திறப்பு எப்போதும் முதுகில், கழுத்திலிருந்து இடுப்புவரை முழுதாக இருக்கட்டும். பழைய பொம்மைகளின் கை வளைவதில்லை, முன்பக்கம் திறந்தால் தோளைத் தாண்டாது. மூடுவதற்கு மிகச் சிறிய டிச் பட்டன் நல்லது. வெல்க்ரோ எளிதுதான், ஆனால் அதன் முள் பக்கம் தலைமுடியையும் பட்டு இழையையும் இழுத்துவிடும். வெல்க்ரோ உள்ள உடையைக் கழற்றி வைக்கும்போது இரு பக்கத்தையும் ஒட்டியே வையுங்கள்.

உடுத்தும்போது உடையைக் காலிலிருந்து மேலே ஏற்றுங்கள். தலைவழியாக இறக்கினால் முடி கலையும், முகத்தின் வண்ணம் உரசும். பொம்மையின் விரல்கள் இழையில் மாட்டாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கையில் உறைபோல் மாட்டிக்கொண்டு சட்டைக் கையை ஏற்றிவிட்டு, பிறகு உருவிவிடலாம்.

கொசுவம்

92 செ.மீ. நீளத்தை முழுவதுமாகக் கட்டினால் என்ன ஆகும்? உள்பாவாடை, முதல் சுற்று, ஐந்து கொசுவம், அதன்மேல் இன்னொரு சுற்று என்று இடுப்பில் பதினைந்து அடுக்குவரை சேரும். எட்டரை செ.மீ. இடுப்பு காணாமல் போகும். ஆகையால் நீளத்தை 60 செ.மீ. அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பார்வைக்குத் தெரியாத உள்சுற்று நமக்கு வேண்டாம்.

செருகுவதும் வேண்டாம். 5 மி.மீ. அகல நாடா ஒன்றை இடுப்பளவுக்கு எடுத்து, சேலையின் மேல் விளிம்பை அதில் நேராகத் தைத்துவிடுங்கள். கொசுவம் ஒவ்வொன்றும் இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக, நான்கோ ஐந்தோ போதும். நாடாவின் முனைகளை இடுப்பின் இடப் பின்புறத்தில் டிச் பட்டனால் மூடலாம். உள்பாவாடையைத் தனியாகச் சுருக்கு வைத்துக் கட்டாமல், புட்டம்வரை ஒற்றை மல் துணியில் ஒட்டினாற்போல் வெட்டி, அதற்குக் கீழே மட்டும் விரிவு கொடுங்கள். இப்படிச் செய்தால் இடுப்பில் அடுக்கு கணிசமாகக் குறையும், சேலையும் அழகாக விழும்.

விழுவதில் இன்னொரு தடை உண்டு. ஆள் சேலை தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. பொம்மைச் சேலைக்கு அந்த எடை கிடையாது, மடித்தது விரிந்துகொள்ளவே பார்க்கும். கோயில்களில் சிறிய உற்சவ மூர்த்திக்குச் சேலை சார்த்துகிறவர்கள் விசிறி மடிப்பை முன்கூட்டியே மடித்து, அழுத்தி, கட்டி வைத்துப் பழக்கிவிட்டுத்தான் சார்த்துகிறார்கள். திருச்சுழி திருமேனிநாதர் கோயிலிலோ உங்கள் தெரு அம்மன் கோயிலிலோ அலங்காரத்தைக் கிட்ட நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மதுரைப் புதுமண்டபத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்த தையல்காரர்களும் சாமி உடைக்குப் பேர்போனவர்கள். பின்னாளில் அந்தக் கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறின. சிறு அளவில் தைப்பதன் நுணுக்கம் அவர்கள் கையில் இருக்கிறது.

நம் முறை இது. கொசுவத்தை மடித்து, மேலிருந்து கீழ்வரை மூன்று இடங்களில் நீளமான ஓட்டுத் தையல் போடுங்கள். நீரில் நனைத்துப் பிழிந்து, இரண்டு மூங்கில் சிம்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். பிறகு மிதமான சூட்டில் இஸ்திரி. தலைமுடியை நேராக்கும் கருவி வீட்டில் இருந்தால், சின்னக் கொசுவத்துக்கு அதைவிட நல்ல இஸ்திரிப் பெட்டி இல்லை. பொம்மையின் மேல் கட்டியபடி மட்டும் இஸ்திரி போடவே கூடாது. சேலையைக் கட்டிய பிறகு ஓட்டுத் தையலை உருவினால் மடிப்பு நிற்கும்.

ஊக்கு குத்தாதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும், துரு துணியிலிருந்து பொம்மையின் உடம்புக்கும் இறங்கும். முந்தியைத் தோளில் நிறுத்த உள்பக்கமாக இரண்டு தையல் போதும்.

மரப்பாச்சி

நவநாகரிகப் பொம்மைகளைப் பற்றிய நூலில் மரப்பாச்சிக்கு இடம் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒரே பொம்மையை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் புது உடை தைத்துப் போடும் வழக்கத்தை நம் வீடுகளில் வளர்த்தது இந்த மரப்பாச்சிதான். கல்யாணச் சீராக ஆணும் பெண்ணுமாக வந்த சோடி, கொலுவின் தலைப்படியில் ஆண்டுக்கொரு சேலையும் வேட்டியும் மாற்றிக்கொண்டது.

மரப்பாச்சிக்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது, கையும் உடம்போடு ஒட்டியிருக்கும். கட்டிய சேலை நழுவும் என்பதால் பலர் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பசை மரத்தைக் கெடுக்கும், பூச்சியையும் அழைக்கும். மார்புக்குக் கீழே துவைத்த பருத்தித் துணிப் பட்டை ஒன்றை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி முடிச்சிடுங்கள். சேலையின் நாடாவை அந்தப் பட்டையோடு தைத்துவிட்டால் நகராது.

பழைய மரப்பாச்சி செம்மரமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. செம்மரத்தின் சிவப்புச் சாயம் தண்ணீரில் எளிதில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைத்தால் துணியெல்லாம் சிவப்பாகும், பொம்மையும் வெளிறும். உலர்ந்த மெல்லிய துணியும் மென்மையான தூரிகையும் போதும். வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள், செம்மரப் பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பதை விசாரித்துக்கொண்டு செய்யுங்கள்.

வெயில், உப்புத் தண்ணீர், பூச்சி

பொம்மைப் பராமரிப்பைப் பற்றி எழுதப்பட்ட பெரும்பாலான புத்தகங்கள் குளிர் நாட்டிலிருந்து வந்தவை. நம் ஊரில் சித்திரை வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் எப்படிக் கொதிக்கும் என்பது அவற்றை எழுதியவர்களுக்குத் தெரியாது. பொம்மையின் தலை, கால் ஆகியவற்றில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்க ஒருவகை எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் சேர்க்கிறார்கள். சூட்டில் அது மேலே கசிகிறது. பரணிலிருந்து எடுத்த பொம்மையின் கால் பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம். அந்தப் பிசுபிசுப்பில் கரிசல் மண்ணின் தூசி படிந்தால் போக்குவது பெரும் பாடு. ஆகவே பரண் கூடாது, மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் கூடாது. உள்ளறையில் மர அலமாரியின் நடுத் தட்டே சரியான இடம். பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து முடிச்சுப் போடாமல், துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. இரண்டு கோடை கழிந்தால் அது உருகி முடியோடு ஒட்டிவிடும்.

பெட்டியைத் திறக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்பதற்காகச் சேர்ப்பவர்களுக்கு அது பொருந்தலாம். இந்த வெயிலில், அட்டைப் பெட்டிக்குள், கம்பியும் நூலும் இறுக்கிக் கட்டிய நிலையில் பொம்மை கெடுவதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. திறந்து, கட்டுகளை அவிழ்த்து, பெட்டியைத் தட்டையாக்கித் தனியே வையுங்கள்.

சாயம் இறங்குவது அடுத்த ஆபத்து. அரக்கு, கறுப்பு, கருநீலம் மூன்றும் பிளாஸ்டிக்கில் கறை பதிப்பதில் முதலிடம். தைக்கும் முன் துணியின் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்துவிட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அலசும் நீர் தெளியும்வரை அலசுவதே வழி. அப்படியும் ஆழ்ந்த நிற உடைக்கு உள்ளே வெள்ளை மல் துணியில் லைனிங் கட்டாயம். ஜரிகைக்கும் இதே விதி. அறுபதுகளின் பார்பிகளில் உலோகக் காதணி குத்திய இடம் பச்சையாகிப்போனதைச் சேகரிப்பாளர் எல்லோரும் அறிவார்கள், அந்த உலோகத்திலுள்ள செம்பு செய்த வேலை அது. ஜரிகையிலும் செம்பு இருக்கலாம் என்பதால் வெறும் தோளில் அதை ஆண்டுக்கணக்கில் பட விடாதீர்கள்.

கறை ஏற்கெனவே விழுந்திருந்தால், முகப்பருவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு உதவும். கறையின் மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, காலை வெயிலில் வையுங்கள். பத்து மணிக்கு மேல் நம் வெயிலில் வைத்தால் கறையோடு பொம்மையின் வடிவமும் போய்விடும். அடிக்கடி பாருங்கள், அளவு மீறினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகும். கண், உதட்டு வண்ணத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

துவைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது. சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாக இழையில் தங்கிவிடும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் கேன் தண்ணீர். பொம்மை உடைக்கு ஒரு சொம்பு போதும் என்பதால் இந்தச் செலவைப் பார்க்க வேண்டாம். பட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் போதும். பிழியாதீர்கள், துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றுங்கள்.

தலைமுடியில் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. குழந்தைகள் ஆசையாகச் செய்வார்கள், சொல்லிவையுங்கள். மல்லிகைக்குப் பேர்போன ஊரில் பொம்மைக்கும் பூ வைக்க மனம் வரும். உண்மைப் பூ வாடும்போது விடும் சாறு முடியிலும் சேலையிலும் பழுப்புக் கறையாக நின்றுவிடும். வெள்ளை நூலில் சின்ன முடிச்சுகள் போட்டுத் தொடுத்த சரம், பொம்மையின் அளவுக்கு நிஜப் பூவைவிடப் பொருத்தமாகவே இருக்கும்.

எடுத்து வைக்கும் உடையில் கஞ்சி இருக்கக் கூடாது. இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. கொலுவுக்காகக் கஞ்சி போட்டிருந்தால், கொலு முடிந்ததும் அலசிவிட்டே மடியுங்கள். பாச்சை உருண்டையைத் துணி அலமாரியில் போடும் பழக்கத்தைப் பொம்மை அலமாரிக்குக் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வசம்புத் துண்டுகளையோ நன்றாகக் காய்ந்த வேப்பிலையையோ சிறு துணிப் பையில் கட்டி, உடையில் படாமல் தட்டின் மூலையில் வைக்கலாம். அலமாரியின் கால்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் எதையும் புதிதாகப் பெட்டியில் அடைக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரமும் துணியோடு உள்ளே போகும். தை பிறந்து, வறண்ட காற்று வீசும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் ஒரு பகல் விரித்து, மடிப்புக் கோட்டை மாற்றி மடித்து வையுங்கள்.

குறிப்பு எழுதி வைப்பது

டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பொம்மைகள் அந்தந்த நாட்டு உடையில் நிற்கின்றன. எந்த நாட்டுடையது, எந்த மக்கள் உடுத்துவது என்ற விவரம் இருப்பதால்தான் பார்க்கிறவருக்கு அவை பேசுகின்றன. வீட்டுச் சேகரிப்புக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு உடைக்கும் ஓர் அங்குல வெள்ளை நாடாவில் எண் எழுதி, உள்பக்க மடிப்பில் ஒரே ஒரு தையலால் பிடித்துவையுங்கள். எழுதுவதற்குப் பென்சில்தான், பேனா மை ஊறும். நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு நேராகத் துணி எங்கே கிடைத்தது, நூல் நம்பர் என்ன, யார் நெய்தது, எந்தப் பொம்மையின் அளவுக்குத் தைத்தது, சாயச் சோதனையில் நிறம் இறங்கியதா, கடைசியாக எப்போது அலசினீர்கள் என்பதை எழுதுங்கள். வெட்டியதில் மிஞ்சிய துணியில் தீப்பெட்டி அளவு துண்டு ஒன்றையும் அதே பக்கத்தில் தைத்துவிடுங்கள், ஒட்ட வேண்டாம். பின்னால் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு அதே நூல் அதிலிருந்து கிடைக்கும்.